சைக்கிளில் எங்கே இறங்குவீர்கள்?

புதிதாகக் கடைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, போன வாரம் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். உங்களில் ஒருவர் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "தார் ரோட்டுல போறதுன்னா ரோடு பைக் சார், காட்டுப் பாதைன்னா மவுண்டன் பைக் சார்." அவ்வளவுதான். சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வேலையை விட்ட பிறகாவது வாயை அடக்கு என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சிவகாசி பஜாரில் இந்தக் கடைக்கு நான் வேலைக்கு வந்தபோது, சைக்கிள் விற்கிற இடத்தில் பொம்பளைக்கு என்ன வேலை என்று முறைத்தவர்கள் உண்டு. "ஏம்மா, ஒனக்குக் காத்தடிக்கத் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டார். "அடிக்கவும் தெரியும், புடுங்கி விடவும் தெரியும்" என்றேன். அவர் அதன்பின் என்னிடம்தான் வண்டி வாங்கினார், தன் மருமகனையும் என்னிடமே அனுப்பினார்.

இரண்டு வண்டிக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப்போவதில்லை. ஒன்று மெல்லிய டயர், எடை குறைவு, நல்ல ரோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். மற்றது பல் வைத்த குண்டு டயர், கனம், மேடு பள்ளம் பார்க்காது. இதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அதைப் படித்துக் காட்டவா உங்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்?

மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சைக்கிளில் போகப்போகிறேன், மவுண்டன் பைக்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். "மல்லாங்கிணத்துல மலை எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். சிரித்தார், ஆனாலும் அதைத்தான் வாங்கினார். ஆடி பிறந்தது. அவர் பள்ளிக்கூடம் மேற்கே இருக்கிறது, காற்றும் மேற்கேயிருந்துதான் வருகிறது. ஒரு நாள் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். "யம்மா, மலை இல்லேன்னு நீங்க சொன்னது சரிதான். காத்துல்ல மலையா நிக்கி" என்றார். அவருக்கு டயரை மட்டும் மெல்லியதாக மாற்றிக் கொடுத்து அனுப்பினோம். வாத்தியாருக்குப் போனது கொஞ்சம் மூச்சு, அவ்வளவுதான். எல்லாருக்கும் அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் முனீஸ்வரியின் கதையை எடுக்கிறேன்.

முனீஸ்வரி ஆனைக்குட்டம் பக்கத்துக் கிராமம். பட்டாசுக் கம்பெனியில் வேலை. புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு கடைக்கு வந்தாள். புருஷன் காளிராஜ் விருதுநகரில் பருப்பு மில்லில் லோடு ஏற்றுகிறவர். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிழக்கே போய்விடுவார். அவளுடைய கம்பெனி மேற்கே. அதுவரை கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று வேனை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போக முடியாது. ஸ்கூட்டி ஓட்ட அவளுக்குப் பயம். "சைக்கிள்னா கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்க்கா, பள்ளிக்கூடத்துல பிரைஸ் வாங்கியிருக்கேன்" என்றாள்.

காளிராஜ் கடைக்குள் வரும்போதே முடிவு செய்துகொண்டுதான் வந்தார். நேரே போய் குண்டு டயர் வண்டியின் சீட்டைத் தட்டினார். "இதக் குடுங்கக்கா. இவ போற பாதை காட்டுப் பாதை. இந்த மாதிரி டயரு இருந்தாத்தான் கடிச்சுக்கிட்டுப் போகும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. உங்களிடம் வந்திருந்தால் பில் போட்டிருப்பீர்கள். நான் முனீஸ்வரியிடம் மட்டும் ஒன்று கேட்டேன். "நீ எங்கன ஏறுவேன்னு எனக்கு வேண்டாம் தாயி. எங்கன எறங்குவ? அதச் சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. "ஊர்ல இருந்து தார் ரோடு. அப்புறம் கம்பெனிக்குப் பிரியுற சரளைப் பாதை. அது நல்லாத்தான் இருக்கும். நடுவுல ஒரு கரிசப் பள்ளம் கெடக்குக்கா. மளை பேஞ்சா அங்கன எறங்கித்தான் ஆகணும். தாண்டிட்டா மறுபடி சரளை, கம்பெனி வாசல் வரைக்கும்."

நான் காரியாபட்டிப் பக்கம் கரிசல் காட்டில் நடந்து பள்ளிக்கூடம் போனவள். மழை பெய்த கரிசலில் செருப்போடு நடந்தால், பத்து அடிக்குள் காலுக்கொரு அம்மிக்கல்லைக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். பல் வைத்த டயர் அந்த மண்ணைக் கடிக்காது, வாரி அப்பிக்கொள்ளும். அப்பிய மண் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். அப்புறம் உருட்டவும் முடியாது, தள்ளவும் முடியாது. தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இரண்டு வண்டியையும் வாசலில் எடுத்து வைத்தேன். "தூக்கு" என்றேன்.

முனீஸ்வரி சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். குண்டு டயர் வண்டியைத் தூக்கி எதிர்க்கடை வரைக்கும் போவதற்குள் மூச்சு வாங்கி இறக்கிவிட்டாள். மெல்லிய டயர் வண்டியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பஜார் கோடியில் இருக்கிற வெற்றிலைக் கடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். பஜாரே வேடிக்கை பார்த்தது.

காளிராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னக்கா பேசுறீக? அவள சைக்கிள் சுமக்கணும்னு சைக்கிள் வாங்க வந்தா, சைக்கிள அவ சுமக்கணும்ங்கிறீக! ஊர்க்காரன் பாத்தா எம்மூஞ்சில காறித் துப்ப மாட்டானா?"

அப்போதுதான் முனீஸ்வரி விஷயத்தைச் சொன்னாள். கம்பெனியில் சங்கு ஊதுவதற்குள் உள்ளே போய்விட வேண்டும். பட்டாசு மருந்தைப் பங்கு வைத்துக் கொடுக்கும்போது ஆள் இல்லாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். தீபாவளிக்கு முந்தின சீசனில் ஒரு தடவை பொறுப்பார்கள். மறுதடவை அந்த ரூமில் அவள் உட்கார்ந்திருக்கிற இடம் போய்விடும். இடம் போனால் அதே வீட்டிலிருந்து வேறு ஆளை அனுப்பச் சொல்வது அந்தக் கம்பெனியில் பழக்கம். அவள் வீட்டில் வேறு ஆள் என்றால் மகள்தான். பதினெட்டு முடிந்த பிள்ளை, பிளஸ் டூவில் நல்ல மார்க், நர்சிங் சீட்டுக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தாள். காளிராஜின் அக்கா வேறு, "சும்மாதான இருக்கா, அனுப்புனா என்ன?" என்று வாரத்துக்கு ஒரு தரம் வந்து ஊதிவிட்டுப் போவாளாம்.

"நான் அந்த ரூம்ல உக்காந்திருக்கிற வரைக்கும் எம்மக அங்கன காலெடுத்து வைக்க மாட்டாக்கா" என்றாள் முனீஸ்வரி. "நான் எந்திரிச்சேன்னா அவள உக்கார வச்சிருவாக. ஒரு தடவ உக்காந்தா அம்புட்டுத்தான். பெறகு எந்த நர்சிங்கு, எந்தக் காலேஜு?"

சொல்லும்போது அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதுவரை நான் ஒரு சைக்கிள் விற்றுக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அப்படி நினைக்க முடியவில்லை.

எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி குறுக்கே வந்தார். "இந்தா பாரு தங்கச்சி, சகதிக்குச் சொல்றே, சரி. சரளைப் பாதை நெடுக உடமரம். அந்த முள்ளுக்கு இந்த மெல்லிசு டயரு தாங்குமா? புஸ்ஸுன்னு போச்சுன்னா?" அவர் கேட்டதும் நியாயம்தான். முள் எந்த நாளும் குத்தலாம். எந்த நாள் குத்தும் என்று யாருக்கும் தெரியாது. மழை அப்படியில்லை, ஐப்பசியில் வரும் என்று தெரிந்தே வருகிறது. எனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் நான் சொல்ல முடியும். மெல்லிய டயர் வண்டியையே எடுக்கச் சொன்னேன். முனீஸ்வரி தலையாட்டினாள், காளிராஜ் முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டினார்.

வளைந்த கைப்பிடியைக் கழற்றிவிட்டு நேர் கைப்பிடி போட்டோம். மட்கார்டே வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். முனீஸ்வரி அவளாகவே ஒன்று கேட்டாள். "அண்ணாச்சி, ஸ்டாண்டுக்கு அடியில ரப்பர் மாட்டி விடுங்க. இரும்பு கல்லுல ஒரசுனா பொறி பறக்கும்னு எங்க வாட்ச்மேன் உள்ள விட மாட்டாரு." அதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, நல்ல வெயில் நாளில், முள் குத்திவிட்டது.

சைக்கிளை உருட்டிக்கொண்டே போயிருக்கிறாள். சங்கு ஊதிவிட்டது. வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொறுப்பதாகச் சொன்ன ஒரு தடவை அன்றோடு முடிந்தது. மறுநாள் அவளைக் கம்பெனியில் விட்டுவிட்டு, காளிராஜ் சைக்கிளைக் கொண்டுவந்து கடை வாசலில் சாத்தினார். சாத்தினார் என்றா சொன்னேன், போட்டார்.

"என்னக்கா, பெரிய இவ மாதிரிப் பேசுனீக! அன்னைக்கே அந்தப் பெரிய டயரக் குடுத்திருந்தா இது நடந்திருக்குமா? எங்கக்கா இப்ப வீட்டுல வந்து உக்காந்துட்டா. இன்னொரு நா லேட்டானா எம்புள்ளய அனுப்பணும். நீங்களா வந்து தடுப்பீக?"

முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "மாத்திக் குடுத்து அனுப்பும்மா" என்றார். வாடிக்கையாளர் கத்தினால் முதலாளி எப்போதும் அதைத்தான் சொல்வார். அது அவர் வேலை. மாற்றிக் கொடுத்துவிட்டால் என் பாரம் இறங்கிவிடும். அப்புறம் மழையில் அவள் மாட்டிக்கொண்டால், அவர்கள் கேட்டதைத்தானே கொடுத்தேன் என்று நான் நிம்மதியாகச் சாப்பிடலாம். பிள்ளைகளே, உங்களுக்கும் இந்த இடம் வரும். வாடிக்கையாளரின் கோபத்தைத் தணிப்பதா, அவருக்கு வேண்டியதைச் செய்வதா என்று ஒரு நிமிஷம் நிற்பீர்கள். அந்த ஒரு நிமிஷத்தில் முதலாளியும் துணைக்கு வரமாட்டார், பெட்டியில் அச்சடித்திருப்பதும் வராது.

"தம்பி, ஓட்டப்போறது நீங்களா, முனீஸ்வரியா?" என்றேன். "அவள வரச் சொல்லுங்க. அவ மாத்துன்னா இப்பவே மாத்துறேன்."

சாயங்காலம் கம்பெனி விட்டு முனீஸ்வரி வந்தாள். விரலிடுக்கில் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப்பொடி மின்னியது. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இரண்டிலும் ஆபத்து இருக்கிறது, எனக்கும் நிச்சயமாகத் தெரியாது, நீதான் அந்தப் பாதையில் போகிறவள், நீ சொல் என்றேன்.

அவள் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காளிராஜைப் பார்த்தாள். "முள்ளு குத்துனா ஒட்டலாம்ங்க. சகதி அடைச்சா என்னத்த ஒட்ட? இதுவே இருக்கட்டும்."

அண்ணாச்சி டயரைக் கழற்றினார், பழைய டியூபை நெடுக வெட்டி உள்ளே பட்டையாக வைத்து மாட்டினார். முள் இறங்கினாலும் அதில் மாட்டிக்கொள்ளும். "நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் வச்சிருக்கேன், போயிட்டு வா தாயி" என்றார்.

ஐப்பசி பிறந்தது. பகலில் இடி மின்னலோடு மழை வந்தால் பிரச்சினையே இல்லை, கம்பெனியில் ஆட்களை வெளியேற்றி லீவு விட்டுவிடுவார்கள். இரவெல்லாம் கொட்டிவிட்டுக் காலையில் வானம் வெறித்துவிட்டால்தான் ஆபத்து. வேலை இருக்கும், பாதை இருக்காது. அப்படி ஒரு நாள் வந்தது. விடியற்காலையில் எழுந்து வானத்தைப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. என் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய், சரளைப் பாதையில் அந்தப் பள்ளம் தொடங்குகிற இடத்தில் நிறுத்தினேன்.

எனக்கு முன்னாலேயே நாலைந்து ஆண்கள் பள்ளத்துக்குள் மாட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லாம் குண்டு டயர், மட்கார்டு போட்ட வண்டிகள். வேப்பங்குச்சியை ஒடித்து மண்ணை நோண்டி எடுப்பதும், இரண்டடி தள்ளுவதும், மறுபடி நோண்டுவதுமாக இருந்தார்கள். ஒருவன் சைக்கிளைப் படுக்கப் போட்டு அதைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தான்.

முனீஸ்வரி வந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தாள், நின்று பேசவில்லை. இறங்கினாள். செருப்பைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள். வண்டியின் நடுக்கம்பிக்குள் தோளைக் கொடுத்து ஒரே தூக்கு. வெறுங்காலோடு பள்ளத்தில் இறங்கினாள்.

பின்னாலேயே மோட்டார் சைக்கிள் சத்தம். காளிராஜ்! அன்று மில்லுக்கு லீவு போட்டுவிட்டுப் பெண்டாட்டிக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார். பள்ளத்தைப் பார்த்து நிற்க வேண்டாமா? நேரே உள்ளே விட்டார். வண்டி கொஞ்ச தூரம் உறுமிக்கொண்டு போய், அப்படியே புதைந்து நின்றது.

"ஏ புள்ள, குடு இங்கன, நான் தூக்கிட்டு வாரேன்!"

"மொதல்ல ஒங்க வண்டியப் பாருங்க. எனக்கு நேரமாச்சு!" திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள்.

பள்ளத்தின் நடுவில் வழுக்கிவிட்டது. ஒரு முழங்கால் தரையில் குத்தியது. "ஏ முனீசு!" என்று நான் கத்திவிட்டேன். சைக்கிள் தோளைவிட்டு இறங்கவில்லை. ஒரு கையை மண்ணில் ஊன்றி எழுந்தாள். நடந்தாள். அக்கரையில் சரளையில் கால் வைத்ததும் வண்டியை இறக்கினாள், டயரை இரண்டு தட்டுத் தட்டினாள், ஏறி மிதித்தாள். உடமரங்களுக்குள் போய் மறைந்தாள்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. காளிராஜ் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுச் சேறும் சகதியுமாக வந்து என் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். தூரத்தில் சங்கு ஊதியது. நேரத்துக்குப் போகாதவர்கள் இந்த வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். இரண்டு பேரும் அந்த உடமரத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வழியைப் பார்த்தது என் வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.

"எம்புள்ளய அனுப்ப எனக்கு மட்டும் மனசிருக்குன்னா நெனைக்கீக?" என்றார் காளிராஜ் திடீரென்று. "எங்கக்கா பேசும்போது எதுத்துப் பேச எனக்கு நாக்கு வராது. சின்னதுல இருந்தே அப்படி. அதான் டயராவது பெருசா வாங்கிக் குடுப்போம்னு பாத்தேன்."

அவர் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

திருப்பத்தில் ஆள் தெரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு பெண், கையில் சாப்பாட்டுப் பை. பக்கத்தில் வந்ததும் பார்த்தால், வேறு யாரோ ஒரு கிழவி, நடந்தே வந்து பிந்திவிட்டவள். பின்னால் இரண்டு ஆண்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். "முனீஸ்வரியப் பாத்தீகளா?" என்று காளிராஜ் ஓடிப்போய் மறித்தார்.

"அவ உள்ள போயிட்டாளேப்பா. நாங்க போகும்போதுதான் வாட்ச்மேன் கேட்டச் சாத்துனாரு" என்றாள் கிழவி.

காளிராஜ் சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். தன் மோட்டார் சைக்கிளைக் காட்டி, "யக்கா, இதத் தூக்க எதுவும் வழி இருக்கா?" என்றார். நானும் அவரும் திரும்பி வந்த அந்த இரண்டு பேரும் சேர்ந்து அதை இழுத்து வெளியே போட்டோம். என் சேலை அன்றோடு போயிற்று.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, கரிசல் என்றால் மெல்லிய டயர் என்று எழுதி ஒட்டிவிடாதீர்கள். தலையில் அடித்துக்கொள்வேன். இன்னொரு ஊரில், இன்னொரு பள்ளத்தில், அதே குண்டு டயர்தான் சரியாக இருக்கும். வண்டி ஓடுகிற இடத்தைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். அது நின்றுபோகிற இடத்தை ஓட்டுகிறவர் மட்டும்தான் சொல்ல முடியும். அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்டபிறகு தைரியமாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு அந்தச் சொல்லோடு கொஞ்ச தூரம் போய் நில்லுங்கள், அது கடைக்கு வெளியே இருந்தாலும்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடந்த நாட்களில் முனீஸ்வரி மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். பிள்ளைக்கு விருதுநகரில் நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. பெரியம்மா வீட்டில் தங்கி, காலேஜுக்குச் சைக்கிளில் போகப் போகிறாள். வண்டி எடுக்க வந்திருக்கிறார்கள். அண்ணாச்சி ஸ்பேனரை வைத்துவிட்டு எழுந்து வந்து அந்தப் பிள்ளையைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

பழக்கதோஷம், என் வாயில் அதே கேள்விதான் வந்தது. "ஏத்தா, நீ எங்கன எறங்குவ?"

பிள்ளை புரியாமல் முழித்தது. முனீஸ்வரிதான் பதில் சொன்னாள். "அவ எங்கனயும் எறங்க வேண்டாம்க்கா. காலேஜு வாசல் வரைக்கும் தார் ரோடு. நேத்து நானே நடந்து பாத்துட்டு வந்தேன்."

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? எந்தக் கலர் பிடிக்கும் என்று மட்டும் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்.